நாற்காலிக்காரர் பற்றி ஒரு பார்வையாளர் கருத்து

பிப்ரவரி 4

என் வாயாடித் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். பல்வலி ஒன்றுதான் இருந்தது, அந்தப் பல்லையும் போன வாரம் பிடுங்கிவிட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய்? மருந்துக்கடையில் இன்னும் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலையா, இல்லை ஒரு ஸ்டூலாவது போட்டார்களா? அப்பாவின் முழங்கால் தேவலையா? போனில் கேட்டால் பின்னால் அவர் இருமுவது காதில் விழும், உடனே போனை வைத்துவிடுவேன். ஆகவே வழக்கம்போல் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'இரண்டாம் பருந்து' திரும்ப வந்துவிட்டது!

அதே கார்ட்டூன்தான். முந்நூறு மாடிக் கட்டடங்கள் நிறைந்த எதிர்கால நகரம். முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட முதல் பருந்து. அவருடைய இறக்கையை மாட்டிக்கொண்டு பறக்கிற பதினாறு வயதுப் பொடியன். அவர் அறையில் இருந்தபடி அவன் காதுக்குள் உத்தரவு போடுவார், இவன் திட்டு வாங்கிக்கொண்டே நகரத்தைக் காப்பாற்றுவான். இருபத்தாறு பகுதிகளையும் தூசி தட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பார்வையாளர்கள் கருத்து எழுதலாம். எழுதவா செய்கிறார்கள்? குடுமிப்பிடிச் சண்டை. 'முதல் பருந்து மாதிரி வருமா, இந்தப் பொடியனுக்கு என்ன தகுதி' என்று பாதிப் பேர். 'கிழவர் வாயைத் திறந்தாலே திட்டுதான், அவரிடம் யார் குப்பை கொட்டுவது' என்று மீதிப் பேர்.

வேடிக்கை என்னவென்றால் நான் ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. அது ஓடிய சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆபீஸ்கள் பூட்டியிருக்கும். நானும் அப்பாவும் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருப்போம். அவர் மொட்டை மாடி மெஷின் ரூமில் கன்ட்ரோல் பெட்டி முன்னால் உட்கார்ந்து கத்துவார், நான் கீழே குழிக்குள் நின்று 'சரிப்பா, சரிப்பா' என்பேன். வீட்டுக்கு வந்தால் நீ தட்டு முன்னால் உட்கார்ந்து முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாய். சாப்பாடு ஆறிப்போகும், அம்மா கத்துவாள், நீ நிறுத்த மாட்டாய். இருபத்தாறு பகுதியும் எனக்கு உன் குரலில்தான் தெரியும்.

இன்னும் முதல் பகுதியைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்குள் கை அரித்து, கடைசிப் பகுதிக்கு மூன்று பக்கத்துக்குக் கருத்து எழுதிப் போட்டுவிட்டேன். எனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நாலாம் மாடி'. நாற்காலிக்காரர் பொடியன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிற காட்சியைப் பற்றித்தான். "தப்பு உன்மேல இல்லடா. என்மேல. இதைச் சொல்ல நான் இத்தனை படி இறங்க வேண்டியிருந்துச்சு." அதைப் போல ஒரு காட்சி எந்தப் படத்திலும் இல்லை என்று எழுதினேன். எழுதி முடித்த கையோடு லீவுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஜூனில் ஒரு மாதம். பதினொரு வருடத்துக்குப் பிறகு வருகிறேன். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பல்லுக்கு என் ஆழ்ந்த இரங்கல். இங்கே எல்லோரும் சுகம். ஸ்டூல் போட்டார்கள், அதில் முதலாளி உட்கார்ந்துகொண்டார்.

நீ வருகிறாய் என்று படித்ததும் கடையிலேயே சத்தம் போட்டுவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் பயந்துபோனார். அப்பாவிடம் சொன்னேன். "ஜூன்ல மழை வருமே" என்றார். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் உன் அறை ஜன்னல் கொக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்ட்டூன் விஷயம். ஏன் அண்ணா, உனக்கு வேறு வேலையே இல்லையா? அவ்வளவு பெரிய மருத்துவமனையில் பதினெட்டு லிஃப்ட்டைக் கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர், சின்னப் பிள்ளைகள் படத்துக்குக் கருத்து எழுதிக்கொண்டிருக்கிறாய். பார்ப்பதென்றால் மெதுவாகப் பார். வாரத்துக்கு ஒன்று போதும். கடைசிப் பகுதியை நீ வந்தபின் சேர்ந்து பார்க்கலாமே? அவசரம் ஒன்றுமில்லை. அந்தக் கருத்தை எடுத்துவிட வழி இருந்தால் எடுத்துவிடு. ஊர் பேர் தெரியாதவர்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மருந்து வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பக்கமாகவே மெல்லாதே.

உன்,
வாயாடி


மார்ச் 2

வாயாடிக்கு,

சுகம். நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டுவிட்டேன். நூற்று நாற்பது பேர் சேர்ந்து என்னை வெளுத்து வாங்குகிறார்கள். 'நாலாம் மாடி சார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று ஒருவர். 'சக்கர நாற்காலியில் படி இறங்கினாராம், ரசிகப் பெருமக்களே குறித்துக்கொள்ளுங்கள்' என்று இன்னொருவர். 'பழைய டிவிப்பெட்டி' என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார், இந்தத் தொடரைக் கரைத்துக் குடித்தவர். அவர் மட்டும் மரியாதையாக எழுதினார்: 'ஐயா, கடைசிப் பகுதியில் பாலம் விழுகிறது. ஊரே பொடியனைத் திட்டுகிறது. அவன் இறக்கையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறுகிறான். நாற்காலிக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அத்தோடு முடிந்தது. நீங்கள் சொல்லும் காட்சி இல்லை.'

இவர்கள் பார்த்தது வேறு ஏதோ வெட்டிக் குறைத்த பிரதியாக இருக்கும். நீ அன்றைக்கு டிவியிலேயே பார்த்தவள். நீயும் ஒரு கணக்கு தொடங்கி, 'நான் பார்த்தேன், அந்தக் காட்சி உண்டு' என்று நாலு வரி எழுது. அண்ணன் மானம் காப்பாற்றப்படும்.

இன்னும் எட்டாம் பகுதியில்தான் இருக்கிறேன். ஆறாம் பகுதியில் பொடியனுக்குக் காய்ச்சல் வந்து நாற்காலிக்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவாரே, அது எங்கே? எண் மாறிவிட்டதா?

உடனே பதில் போடு.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, அதற்குப் பிறகு எனக்கு ஜலதோஷம், அதற்குப் பிறகு பேனாவைக் காணோம். நீ நலம்தானே? பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா?

அப்பா தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். டாக்டர் வேண்டாம் என்கிறார், இவர் கேட்பதில்லை. எதிர்க் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனால் யாரும் கூப்பிடாமலே போய் வேடிக்கை பார்க்கிறார். வந்திருக்கும் மெக்கானிக் செய்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரைத் திட்டுகிறார். உன் அறைக்குப் புது பல்பு போட்டிருக்கிறார். பழையது எரிந்துகொண்டுதான் இருந்தது.

இந்த வருடம் வெயில் அதிகம். அங்கே எப்படி?

கார்ட்டூன் பற்றிக் கேட்டிருந்தாய். எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது அண்ணா, யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நம் டிவியில் வேறு மாதிரி ஓடியிருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குக் கணக்குத் தொடங்கவெல்லாம் தெரியாது. அதை விடு. டிக்கெட் எடுத்துவிட்டாயா?

உன்,
வாயாடி


ஏப்ரல் 9

தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

இருபத்தாறையும் பார்த்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் டூட்டி முடிந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் பார்த்தேன். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடும் காட்சி இல்லை. பொடியன் முதன்முதலாகத் தனியாகப் பறந்து திரும்பும்போது நாற்காலிக்காரர் கைதட்டுவது இல்லை. அவர் தன் சின்ன வயதுப் போட்டோவைக் காட்டி "நானும் உன்னை மாதிரிதான் உளறிக்கிட்டு இருந்தேன்" என்பது இல்லை. எழுதி வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஏழு காட்சிகள் இல்லை. ஏழிலும் கிழவர் நல்லவர். நிஜத்தில் அவர் ஒரு தடவைகூட நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடைசியில் பொடியன் போகிறான், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், திரை இருட்டாகிறது.

என் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறாய். சின்னப் பிள்ளை விளையாட்டுக்குச் செய்தாய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நீ அந்தக் கடைசிக் காட்சியைச் சொன்ன நாள் எது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தே தீர வேண்டும்.

சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில்தான் அப்பா என்னை அடித்தார். சனிக்கிழமை அந்த ஆறு மாடி ஆபீஸ் லிஃப்ட்டில் வேலை பார்த்தோம். கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும். ரிப்பேரின்போது திறந்த கதவோடு நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்காக மெஷின் ரூம் பெட்டியில் ஒரு துண்டு வயரைச் செருகி, கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட்டை ஏமாற்றுவோம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கொலை. திங்கட்கிழமை காலை, நாலாம் மாடியில், ஒரு பெண் உள்ளே காலை வைக்கும்போதே லிஃப்ட் திறந்த கதவோடு மேலே கிளம்பிவிட்டது. அவள் பின்னால் விழுந்து தப்பித்தாள். ஒரு செருப்பு மட்டும் ஆறாம் மாடிக்குப் போனது.

அப்பா மெஷின் ரூமுக்கு ஏறினார். பின்னாலேயே நானும் கட்டட மேனேஜரும். பெட்டியைத் திறந்தார், எதையோ பிடுங்கினார், முஷ்டியில் வைத்துக்கொண்டே மறு கையால் என்னை அறைந்தார். "உன்னை நம்பி ஒரு உசுரை விட முடியுமாடா?" என்றார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வயரை எடுத்தேன். சிவப்பு வயர், என்னுடையது. எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அப்பாவின் முஷ்டியில் வயர் இருந்ததே. அதனால் என் ஞாபகம்தான் பொய் என்று முடிவு கட்டினேன். இன்றுவரைக்கும் ஒரு லிஃப்ட்டைப் பூட்டினால் மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். இங்கே என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

அன்று மத்தியானமே பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். சாயங்காலம் நீ வந்து, 'சனிக்கிழமை கடைசிப் பகுதி ஓடிச்சே, நான் இன்னும் சொல்லவே இல்லையே' என்று தொடங்கினாய். கேட்டு முடித்தபின் பையைப் பிரித்தேன். ஒரு கிழவனுக்கு அப்படிச் சொல்ல முடிகிறது என்றால் நம் அப்பாவும் என்றைக்காவது சொல்வார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா சொல்லவில்லை. அப்புறம்தான் கிளம்பினேன். இப்போதும் அதே காட்சியை நம்பித்தான் லீவு போட்டேன்.

முதலில் என் கையை நம்ப முடியாமல் போனது. இப்போது காதையும். லீவை ரத்து செய்துவிட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நன்றாக இரு, அவ்வளவுதான்.

ஆமாம். ஏழும் நான் இட்டுக்கட்டியதுதான். முதல் ஆறுக்கும் வேறு காரணம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ திட்டு வாங்கிய முகத்தோடு வந்து தட்டு முன்னால் உட்காருவாய். அதற்குமேல் கிழவரும் பொடியனைத் திட்டினார் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். உன் முகம் மாறும், அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் அண்ணா.

ஏழாவது அப்படியில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது அப்பா சமையலறையில் இருந்தார். அவர் சமையலறைக்குள் போய் நான் பார்த்ததே இல்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு அவன்மேல இல்ல. என்மேல." அம்மா குழாயை நிறுத்திவிட்டு, "அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். அப்பா உன் அறை வரைக்கும் வந்தார். கதவு சாத்தியிருந்தது. கையைத் தூக்கினார். தட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடித்துவிட்டதற்காக வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். பதினாலு வயதுக்கு அதற்குமேல் என்ன புரியும்? அவரால் தட்ட முடியாத கதவை நாற்காலிக்காரரை விட்டுத் தட்ட வைத்தேன். சக்கர நாற்காலி எப்படிப் படி இறங்கும் என்று யோசிக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ போய் அப்பாவைக் கேட்பாய், அவர் இல்லை என்பார், அதோடு எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். லீவை ரத்து செய்யாதே அண்ணா. என்மேல் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 25

தங்கைக்கு,

சுகம்.

ஏழு காட்சி இட்டுக்கட்டியவளுக்கு எட்டாவது வராதா? சமையலறையும் நன்றாக இருக்கிறது, அம்மா குழாயை நிறுத்துவதும் நன்றாக இருக்கிறது. உனக்குத் திறமை உண்டு என்று எனக்குத் தெரியும். சாட்சிக்கு அம்மாவைக் கூப்பிட முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

உன்மேல் கோபம் இல்லை. நம்பிக்கைதான் இல்லை. கொஞ்ச நாள் எழுத வேண்டாம். அப்பாவின் மாத்திரையைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் வரலாற்றில் இதுவே அதிகம். நீ சௌக்கியமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்பாவிடம் உன் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் செய்தது ஒன்றே ஒன்று. முழங்கால் வீங்கி அவர் மூன்று வாரம் படுக்க வேண்டி வந்தது. பொழுது போகாமல் வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் பிரித்துப் போட்டார். பொறுக்க முடியாமல் இரண்டாம் பருந்தைப் போட்டுக் காட்டினேன்.

முதல் நாள் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "முந்நூறு மாடிக்கு ஒரே கயிறா? எவன்டா டிசைன் பண்ணது?" என்றார். மறுநாள் அவரே வந்து உட்கார்ந்தார், குறை கண்டுபிடிக்கத்தான். நாலாம் நாள் நான் கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது, தானே போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். "கொஞ்சம் சும்மா இரு, பொடியன் மேலே மாட்டிக்கிட்டான்" என்று என்னை அதட்டினார்.

கடைசிப் பகுதியை மூன்று தடவை பார்த்தார். பாலம் விழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அப்புறம் கீழே இருக்கும் கருத்துகளை வாசிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு நீளக் கருத்தை மட்டும் இரண்டாம் தடவை கேட்டார். "யாரு இது?" என்றார். "யாரோ நாலாம் மாடியாம்ப்பா" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கோடு போட்ட காகிதம் கேட்டார். இரண்டு நாளாக அடித்து அடித்து எழுதுகிறார். எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார். முடித்தால் அனுப்புகிறேன்.

உன்,
வாயாடி


ஜூன் 8

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை கார்ட்டூன் காட்டினாள். பார்த்தவர்கள் கருத்து எழுத வேண்டுமாம். அந்தச் சின்னப் போன் கண்ணாடியில் எனக்கு எழுத்துத் தட்ட வரவில்லை. அதனால் என் கருத்தை உனக்கு அனுப்புகிறேன்.

அந்த ஊரில் ஒரு லிஃப்ட்டுக்கும் எதிர் எடை கிடையாது. பிரேக் இருப்பதாகவும் தெரியவில்லை. அதை விட்டுவிடுவோம், படம்தானே.

கடைசிப் பகுதி. பாலம் விழுந்ததற்குப் பொடியன்தான் காரணம் என்று அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்கூட 'சின்னப் பையன், தப்பு செய்துவிட்டான், மன்னிக்கலாம்' என்றுதான் எழுதுகிறார்கள். ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பாலம் இரண்டு கம்பியில் தொங்குகிறது. பாரம் கீழ்க் கம்பியில் இருக்கிறது, அது எந்த மெக்கானிக்குக்கும் பார்த்தவுடன் தெரியும். நாற்காலிக்காரர் பையன் காதில் 'கீழ்க் கம்பியை அறு' என்கிறார். அவன் அறுக்கிறான். பாலம் விழுகிறது. உத்தரவுதான் தப்பு. பையன் வேலை சுத்தம். கிழவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெட்கம்.

இப்போது நம் விஷயம்.

அந்தச் சனிக்கிழமை நீ வேலை முடித்துக் கை கழுவக் கீழே போயிருந்தாய். நாலாம் மாடிக் கதவு உரசுகிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். நகர்த்திப் பார்க்கலாம் என்று என் பையிலிருந்து ஒரு துண்டு கறுப்பு வயரை எடுத்துச் செருகினேன். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நீ கீழே இருந்து 'அப்பா, பூட்டலாமா' என்று கூப்பிட்டாய். பெட்டியை மூடிவிட்டு இறங்கிவிட்டேன். முப்பது வருட சர்வீஸில் ஒரே தடவை.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோதே கறுப்பு என்று பார்த்துவிட்டேன். உன் சிவப்பு வயர் என் பைக்குள் கிடந்தது, காலையில் கிளம்பும்போது அதைப் பார்த்தது ஞாபகம் வந்தது. மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் தயவில்தான் நமக்கு ஒன்பது கட்டடத்து வேலை. நான் முஷ்டியை மூடிக்கொண்டேன். மற்றதை நீ அறிவாய்.

உங்கம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் உன்னிடம் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அவள் போனபின் என்னைச் சொல்லச் சொல்ல ஆள் இல்லை. நீ கிளம்பியபோது வழியனுப்ப நான் வாசலுக்கு வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தேன். நீ தெரு முனை திரும்புகிற வரைக்கும் நின்றேன்.

நாலாம் மாடி என்பவர் எழுதியிருக்கும் காட்சி படத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நீ வயரை எடுத்திருந்தாய். உன் வேலையில் நான் ஒரு நாளும் குறை பார்த்ததில்லை. குறை சொல்லியிருக்கிறேன், அது வேறு.

முடிவாக என் கருத்து: அந்த நாற்காலிக்காரரை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலைத் தொந்தரவு செய்யாதீர்கள், மாடி ஏறாதீர்கள். கடிதம் வந்தது. வேலை இடத்தில் பிரித்துவிட்டேன். படித்துவிட்டு எட்டாம் நம்பர் லிஃப்ட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு அதை ஒரே தடவைதான் சரிபார்த்துப் பூட்டினேன்.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பதின்மூன்று வருடம், அப்பா. அந்த முஷ்டியைத் திறந்து காட்டியிருந்தால் போதுமே என்று மேஜையில் குத்தினேன். அதை உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கத்த வேண்டும். கத்துவேன்.

லீவு மறுபடி கிடைத்துவிட்டது. ஜூலை மூன்றாம் தேதி காலை வருகிறேன். வாயாடியிடம் நான் எழுதிய கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

எதிர் எடை பற்றி நீங்கள் எழுதியது சரி. கீழ்க் கம்பி பற்றியும் சரி. முடிவான கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

உங்கள் மகன்